பொழியோரத்து வேம்பு

காங்கயத்திற்குத் தெற்கே இருக்கும் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிலும் கிளுவை என்னும் முள்மரத்தாலான உயிர்வேலிதான். கம்பி வேலியைப் போல அது நட்டதோடு முடிவதில்லை. அவ்வப்போது கிளைகளைக் கழித்து, இடைவெளி விழுந்த இடங்களில் வெட்டிய கிளைகளைப் புதுப் போத்துகளாக ஊன்றாவிட்டால், மாடு பக்கத்துக் காட்டுக்குள் போகும், வம்பும் அதன் பின்னாலேயே வரும்.

சென்ற மாதம் வம்பு வந்தது மாட்டால் அன்று, மரத்தால். இரண்டு காடுகளுக்கும் எல்லையான பொழியின் ஓரத்து வேம்பு தம் கடலைச் செடிகளுக்கு நிழல் கட்டுகிறது என்றார் பக்கத்துக் காட்டுப் பெரியவர். "அது உங்க மரமுங்களா, எங்க மரமுங்களா?" என்று அவர் கேட்டபோது எனக்கே விடை தெரியவில்லை. நில அளவர், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து அளந்ததில் அடிமரம் எங்கள் பக்கம் இருந்தது. அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ மரம் அவருடையது. பொழிமேலேயே நின்றிருந்தால் இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்டுவது முறையாகாது. ஆகவே கிளை கழித்த கூலியை நாங்களே கொடுத்தோம். தழையை அவர் தம் ஆடுகளுக்கு எடுத்துக்கொண்டார்.

அளந்தபோது ஓர் எல்லைக்கல்லைக் காணவில்லை. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அக்கற்களைப் பேணுவது பட்டாதாரரின் கடமை என்பதை, கல்லைத் தொலைத்த பிறகுதான் (வேறெப்போது!) படித்தேன். புதுக்கல் நட விண்ணப்பித்திருக்கிறோம்.