லயத்தில் கேட்ட பாவசங்கீர்த்தனம்

எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், சாகக் கிடந்த தாத்தா தன் பாவங்களை என்னிடம் சொல்லி முடித்துவிட்டு, “மன்னிப்பு கெடச்சிருச்சா தாயி?” என்று கேட்டார். “கெடச்சிருச்சு தாத்தா” என்றேன். அப்படிச் சொல்ல நான் யார் என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புக் கொடுக்க வேண்டியவர் சாமியார், அதாவது கத்தோலிக்கக் குரு. பீர்மேட்டு மழையில் அவர் வர வழியில்லை. கே.கே. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. தாத்தாவின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு, ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை. நடுவில் தெளிவாகப் பேசும் நேரம் கொஞ்சம்தான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சாமி வர்ற வரைக்கும் தாங்காது. நீயே கேட்டுக்க.” நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபை; அவர் ஆர்.சி., கத்தோலிக்கர். அதையும் சொன்னேன். “ஏசுசாமி ஒருத்தருதான?” என்றவர், சொல்லத் தொடங்கிவிட்டார்.

கேட்டதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16. தீராத நோயாளிகளின் வலி தணிக்க வீடு வீடாகப் போகிற என்னைப் போன்ற பாலியேட்டிவ் நர்ஸ் கட்டு மட்டும் மாற்றிவிட்டு எழுந்து வர முடியாது. என் பதில்தான் உறுத்துகிறது.

சிறு வயதிலிருந்து மனப்பாடமாக இருக்கிற வசனம், 1 பேதுரு 2:9: “ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்”. ஆசாரியன் என்றால் கடவுளுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்கிற குரு. விசுவாசிகள் எல்லாருக்கும் எழுதியது அது. ஞானஸ்நானம் பெற்ற அனைவரும் ஆசாரியரே என்று 1520இல், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் வாதிட்டதும் அதை வைத்துத்தான். அப்படியானால் நானும்தான். இதை நினைக்கும்போது மனசு கொஞ்சம் அடங்கும்.

உடனே எண்ணாகமம் 16 வந்து நிற்கும். சபை முழுவதும் பரிசுத்தமானதுதானே, நீங்கள் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறீர்கள் என்று தலைவன் மோசேயையும் ஆசாரியன் ஆரோனையும் எதிர்த்து எழுந்த கோராகு கேட்டான். நான் எனக்குள் சொல்லிக்கொள்வதும் ஏறக்குறைய அதேதான். யாத்திராகமம் 19இல் இஸ்ரவேல் முழுவதையும் ஆசாரிய ராஜ்யம் என்று கர்த்தரே சொல்லியிருந்தார். ஆகவே கோராகு சொன்னதில் பாதி உண்மை. ஆனாலும் அந்தக் கூட்டத்தை பூமி விழுங்கியது. தேவன் அழைக்காமல் ஒருவனும் இந்த ஊழியத்தைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை என்கிறது எபிரெயர் 5.

என்னை அழைத்தது யார்? வலியில் கிடந்த ஒரு கிழவர். அது போதுமா?

அதே எபிரெயர் 5தான் வேறொன்றும் சொல்கிறது: தானும் பலவீனமுள்ளவன் என்பதால்தான் ஆசாரியன் வழிதப்பியவர்களுக்கு இரங்க முடிகிறது. அந்த அறையில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ரோடு திறந்ததும் சாமியார் வந்தார். தாத்தாவுக்கு அப்போது நினைவில்லை. சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைபூசுதல் கொடுத்தார். வாசலில் வைத்து நடந்ததை, அவர் சொன்னது என்ன என்பதை விட்டுவிட்டு, சொன்னேன். திட்டவில்லை. குருவிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு உத்தம மனஸ்தாபப்பட்டிருந்தால், அதாவது கடவுள்மேல் உள்ள அன்பினாலேயே வருந்தியிருந்தால், கடவுள் மன்னித்திருப்பார் என்றார். “ஆனா கெடச்சிருச்சுன்னு சொல்றதுக்கு...” என்று இழுத்தவர், குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார். விசுவாசிகள் எல்லாருக்கும் உள்ள பொதுக் குருத்துவமும், குருப்பட்டம் பெற்றவர்களின் பணிக் குருத்துவமும் அளவில் மட்டுமல்ல, இயல்பிலேயே வேறு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் எழுதிவைத்திருக்கிறது. அவர் முடிக்காமல் விட்டது அதுவாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கு அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

“கெடைக்கும்னு நம்புங்க தாத்தா” என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாத பதில். ஆனால் சாகக் கிடக்கிறவர் “கெடச்சிருச்சா” என்று கேட்கும்போது, கிடைக்கும் என்பது பதிலாகுமா? நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர் என்கிறது 1 யோவான் 1:9. நான் மன்னிக்கவில்லை, எழுதியிருப்பதைச் சொன்னேன். இது சரிதானா, சாக்கா என்று நாளுக்கு நாள் எனக்கே மாறுகிறது.

இப்போது புதிதாக ஒன்று. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று குருக்களைச் சபைச் சட்டம் கட்டிவைத்திருக்கிறது. என்னை அந்தச் சபைச் சட்டம் கட்டவில்லை. தாத்தா சொன்னது அவர் தம்பி குடும்பத்தைத் தொடுகிற விஷயம். தெரிந்தால் அவர்களுக்குள் இருக்கிற பகை தீரலாம், கூடவும் செய்யலாம். “அப்பா கடைசியா என்னக்கா சொன்னாரு?” என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த வாரம் அவள் மாமியாருக்கு டியூப் மாற்ற அதே லயத்துக்குப் போகவேண்டும். மறுபடியும் கேட்பாள்.