பத்திரத்தின் நான்கெல்லை

2016-இல் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டை அளந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி வரை தரைப்படம் முடிந்திருந்தது. பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளுக்குச் சிறு நிரல் ஒன்றும் எழுதினேன்: தரைப்படத்தில் ஒரு கட்டத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் அது சுவராகவோ தூணாகவோ உயரும். அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கவிருந்தபோது சித்தப்பா மகன் தடுத்தான். “அண்ணே, அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை இருக்கிறது. வழக்குப் போட்டால் நாம் தாங்க மாட்டோம்.”

அவன் சொன்னது உண்மைதான். ஸ்கெட்ச்அப் என்னும் முப்பரிமாண வரைமென்பொருளின் ‘புஷ்/புல்’ முறைக்கு 2003-இல் வழங்கப்பட்ட காப்புரிமை (பேட்டன்ட்), எண் 6,628,279. தாளில் வரைவதுபோல் விளிம்பை வரைந்து, அந்தத் தட்டை முகத்தைத் தள்ளியும் இழுத்தும் கன உருவம் ஆக்கலாம் என்கிறது அதன் சுருக்கம். என் நிரலைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. கொத்தனார் தரையில் கோடு போட்டுச் சுவர் எழுப்புகிறாரே, அதற்கும் இவர்களிடம் கேட்க வேண்டுமா என்று கொதித்தேன். கொதித்துவிட்டு, பயந்து நிரலை மூடி வைத்தேன். மறு ஆண்டு பக்கத்துத் தெரு ஆச்சி வீட்டை அளக்க வந்த கட்டடக்கலை மாணவர்கள் அதைக் கேட்டார்கள். இல்லை என்றேன்.

பின்னொரு நாள் பங்குப் பிரிவினைக்காக வீட்டுப் பத்திரத்தைப் படித்தேன். முன்பக்கங்களில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நமக்குரிய இடம் எது என்பதை நான்கெல்லைதான் சொல்கிறது. காப்புரிமையிலும் அப்படியே. சுருக்கம் எல்லையாகாது, கடைசியில் எண்ணிட்டு நிற்கும் உரிமைக்கோரல்களே எல்லை. பொதுவாக, ஒரு கோரலிலுள்ள எல்லாக் கூறுகளும் நம் நிரலில் இருந்தால்தான் அத்துமீறல். அதனால்தான் ஒற்றைச் சொல்லின் பொருளுக்காக வழக்குகள் இழுபடுகின்றன. அந்தப் பொருளை ஜூரி அல்ல, நீதிபதியே தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-இல் மார்க்மன் வழக்கில் சொன்னது. நம் நாட்டிலோ காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலுக்குத் தன்னளவில் காப்புரிமை இல்லை என்கிறது. அந்தத் ‘தன்னளவில்’ என்ற சொல்லின் மீதே இங்கும் வாதம் நடக்கிறது.

கோரல்களை அன்றே வரி வரியாகப் படித்திருக்க வேண்டும். ஒரு வக்கீலிடமாவது காட்டியிருக்க வேண்டும்.

2000-இல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமையின் காலமும் இப்போது முடிந்துவிட்டது. நிரலைப் பொதுவில் வைத்துவிட்டேன். ஆச்சி வீட்டின் தேக்குத் தூண்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள்; அங்கே இப்போது வெறும் மனை. மாணவர்கள் தாளில் எடுத்த அளவுகளை வாங்கி வந்திருக்கிறேன். வளவுவரை எழுப்பியாயிற்று. பட்டாலைத் தூண்களின் உயரத்தை மட்டும் யாரும் குறித்து வைக்கவில்லை.