கேட்காத தகவல் கசியாது

மென்பொருள் நிறுவனங்களில் புராடக்ட் பக்கம் பல வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். வாடிக்கையாளரின் தனியுரிமை, வக்கீல்கள் எழுதித் தரும் பிரைவசி பாலிசியில் முடிவாவதில்லை. புதிதாகக் கணக்கு தொடங்குபவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று உட்கார்ந்து பேசுகிறோமே, அந்த மீட்டிங்கிலேயே முடிவாகிவிடுகிறது.

பிறந்த தேதி வேண்டும் என்பார் ஒருவர். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும், பின்னாடி உதவும்" என்பார். அந்தப் பின்னாடி பெரும்பாலும் வருவதே இல்லை, ஆனால் தகவல் மட்டும் டேட்டாபேஸ், பேக்கப், லாக் ஃபைல், அனலிடிக்ஸ் கருவி, யாரோ ஒரு ரிப்போர்ட்டுக்காக இறக்கி வைத்த எக்செல் ஷீட் என்று ஊரெல்லாம் பரவிவிடும். யாராவது ஒரு வாடிக்கையாளர் "என் தகவலை அழித்துவிடுங்கள்" என்று எழுதும்போதுதான் அது எங்கெங்கே கிடக்கிறது என்று தேட ஆரம்பிப்போம். இஞ்சினியர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு இதில் உட்கார வேண்டியிருக்கும். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் தனியாகத் தெரியாது, அதனாலேயே தலைமைக்கு உறைப்பதில்லை.

அபராதம் உறைக்கிறது. ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. கடுமையான மீறலுக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை விதிக்கலாம். ஐரோப்பியப் பயனர்களின் தகவலை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக 2023-ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் விழுந்தது. சரி, பயந்து ஒழுங்காக இருக்கலாம், ஆனால் பயத்தை வைத்து தொழில் வளர்க்க முடியாது.

தனியுரிமையை உண்மையிலேயே தொழில் பலமாக்கியவர்கள் செய்தது வேறு. டக்டக்கோ என்ற தேடுபொறி விளம்பரம் காட்டித்தான் சம்பாதிக்கிறது, ஆனால் தேடிய சொல்லுக்கு ஏற்ற விளம்பரம், தேடியவர் யார் என்று பார்த்து அல்ல. சிக்னல் என்ற மெசேஜிங் ஆப்பிடம் 2016-ல் அமெரிக்காவில் சட்டப்படி சம்மன் அனுப்பி பயனர் விவரங்களைக் கேட்டார்கள். கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி, இவ்வளவுதான் கொடுக்க முடிந்தது, மற்றதைச் சேமிக்கவே இல்லை. இதைவிட நல்ல விளம்பரம் எந்த ஏஜென்சியாலும் எடுத்துத் தர முடியாது.

ஆப்பிள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 2021 ஏப்ரலில், வேறு ஆப்களிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று ஐஃபோனில் விதி கொண்டுவந்தது. அதனால் 2022-ல் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டாவே சொன்னது. நான் அந்த விதியை மனதார வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் தன் பிரவுசரான சஃபாரியில் கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்கு 2022-ல் மட்டும் கூகுள் அதே ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது, கூகுளின் பிழைப்போ விளம்பரத்தில் இருக்கிறது. அதனால் ஒரு நிறுவனம் தனியுரிமை பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பது இன்னும் மோசம். வீடியோ மீட்டிங் சேவையான ஜூம், தன் மீட்டிங்குகள் முழுக்க எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (பேசுபவர்களைத் தவிர வேறு யாரும், சேவை நிறுவனம்கூட, பார்க்க முடியாத பூட்டு) கொண்டவை என்று சொன்னது உண்மையில்லை என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம்சாட்டி, 2020-ல் சமரசத்தில் முடிந்தது.

என் அணியில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. ஒரு தகவலைக் கேட்க வேண்டுமானால், அது எந்த வேலைக்கு, யார் பொறுப்பு, எப்போது அழிப்போம் என்று மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்தக் கட்டம் படிவத்தில் வராது. மார்க்கெட்டிங்கோடு இதற்காக நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது, அவர்கள் கவலையும் நியாயமானதுதான், டேட்டா குறைந்தால் யாருக்கு விளம்பரம் காட்டுவது என்ற அவர்கள் இலக்கு மங்கும். அப்புறம் இதன் பலனை விற்பனைக் குழுதான் முதலில் உணர்ந்தது: பெரிய நிறுவனங்கள் வாங்குவதற்கு முன் பாதுகாப்பு பற்றி நீளமான கேள்விப் பட்டியல் அனுப்பும், அதில் பல கேள்விகளுக்கு "அந்தத் தகவலை நாங்கள் சேமிப்பதில்லை" என்ற ஒரே வரியோடு அடுத்ததற்குப் போக முடிகிறது.