24 பெரிதா, 11 பெரிதா? டென்னிஸ் தலைமுறைகளை எப்படி ஒப்பிடுவது

ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20, சாம்ப்ராஸ் 14. ஆண்கள் டென்னிஸில் யார் பெரியவர் என்ற பேச்சு எழுந்தாலே முதலில் வந்து விழுவது இந்த எண்கள்தான்: ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் போட்டிகள் என்ற நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் ஒருவர் வென்ற பட்டங்களின் எண்ணிக்கை. சரி, இதே வரிசையில் இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள். அடுத்தவர் ராய் எமர்சன், 12. அவருக்கும் கீழே ராட் லேவரும் பியோர்ன் போர்க்கும், ஆளுக்கு 11. ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் வெல்வதை இரண்டு முறை செய்தவர் லேவர். அவரைவிட எமர்சன் பெரிய ஆட்டக்காரர் என்று டென்னிஸ் தெரிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் இந்த அளவுகோல் எங்கோ உடைந்திருக்கிறது. அது எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

முதல் உடைப்பு 1968. அந்த ஆண்டு ஏப்ரல் வரை நான்கு பெரிய போட்டிகளும் அமெச்சூர்களுக்கு மட்டுமே. பணம் வாங்கி ஆட ஒப்பந்தம் போட்ட அன்றே விம்பிள்டன் கதவு அடைபட்டுவிடும். பாஞ்சோ கொன்சாலஸ் 1948, 1949 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கப் பட்டத்தை வென்றுவிட்டு 21 வயதில் தொழில்முறைக்குப் போனார். அவர் கணக்கு இரண்டோடு நின்றது. ஆனால் 1950களில் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். கென் ரோஸ்வால் 1957 முதல் 11 ஆண்டுகள் வெளியே இருந்தார். லேவர் 1963 முதல் 1967 வரையிலான ஐந்து ஆண்டுகளையும் 1968 ஆஸ்திரேலியப் போட்டியையும் சேர்த்து 21 கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ஆடும் வாய்ப்பை இழந்தார். அவருடைய 24 முதல் 29 வயது வரையிலான காலம் அது.

எமர்சனின் 12 இங்கேதான் புரிகிறது. அதில் 10 பட்டங்கள் லேவர் வெளியேறிய பிறகு, 1963க்கும் 1967க்கும் இடையே வந்தவை. எமர்சனைக் குறைத்துச் சொல்லவில்லை. 1961இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இறுதி ஆட்டத்தில் லேவரையே வென்றவர் அவர். ஆனால் அந்தப் பத்துப் பட்டங்களின்போது உலகின் முதல் நான்கைந்து பேர் களத்தில் இல்லை.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு லேவரே சாட்சி. 1962இல் நான்கு பட்டங்களையும் வென்று 1963 தொடக்கத்தில் தொழில்முறைக்கு வந்தவரை ல்யூ ஹோட் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்கடித்தார். ரோஸ்வால் 13 ஆட்டங்களில் 11ஐ வென்றார். அதனால்தான் லேவர் நான்கையும் வென்ற 1962, 1969 என்ற இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கக் கூடாது. 1962ஐப் பாதியாக எடைபோடலாம். 1969 வேறு விஷயம். எல்லாரும் ஆடிய ஆண்டு அது. ஜிமெனோ, ரோஸ்வால், நியூகோம்ப், டோனி ரோச் என்று நான்கு இறுதி ஆட்டங்களிலும் நான்கு வலுவான எதிராளிகள்.

இங்கே பலர் எதிர்ப்பக்கம் சறுக்குகிறார்கள். தொழில்முறைக்காரர்களுக்கென்று யு.எஸ். புரோ, பிரெஞ்சு புரோ, வெம்ப்ளி என்று மூன்று பெரிய போட்டிகள் இருந்தன. ரோஸ்வால் அவற்றில் 15 வென்றார், லேவர் 8. உடனே அந்த 15ஐ ரோஸ்வாலின் 8 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களோடு கூட்டி அவருக்கு 23 என்று கணக்குப் போடுகிறார்கள். அது செல்லாது. அந்தப் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் மிகக் குறைவு. மூன்று நான்கு ஆட்டங்களிலேயே பட்டம் வந்துவிடும். எதிராளியின் தரம் மிக உயர்ந்தது, பாதை மிகக் குட்டையானது. 128 பேர் கொண்ட கிராண்ட் ஸ்லாமில் ஏழு ஆட்டங்கள் வெல்வதோடு அதை ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது.

1968க்குப் பிறகாவது கணக்கு சீரானதா? இல்லை. ஆஸ்திரேலியப் போட்டிக்கு 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் முன்னணி வீரர்கள் பலர் போகவே இல்லை. போர்க் 1974இல் ஒரே ஒரு முறை ஆடினார். கானர்ஸ் 1974, 1975 இரண்டு முறை மட்டும். 1977இல் அதே போட்டி ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு முறை நடந்தது, 1986இல் நடக்கவே இல்லை. கூயாங் மைதானத்தின் புல்தரையை விட்டு 1988இல் மெல்போர்ன் பார்க்கின் ஹார்டு கோர்ட்டுக்கு (கடினமான செயற்கைத் தரைக்கு) வந்தபிறகுதான் நிலைமை மாறியது. ஆக, நான்கையும் சமமாக எண்ணுவதற்கு நியாயமான தொடக்கம் 1988. போர்க்கின் 11, மூன்று போட்டிகளுக்குள் எடுத்த 11. அதுவும் 25 வயதுக்குள்.

அடுத்தது தரை. 1974 வரை நான்கில் மூன்று போட்டிகள் புல்தரையில். லேவருக்கு இது சாதகம் என்பது உண்மை, ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். விம்பிள்டனில் 2001இல்தான் புல் முழுவதும் ரைகிராஸ் என்ற வகையாக மாறியது. தரை கெட்டியானது, பந்து உயரமாகவும் சீராகவும் எழும்பத் தொடங்கியது. பின்கோட்டிலிருந்தே ஆடி வெல்ல வழி பிறந்தது. களிமண்ணில் ஆடும் பிரெஞ்சு ஓபனையும் புல்லில் ஆடும் விம்பிள்டனையும் ஒரே ஆண்டில் வெல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க் 1978, 79, 80 மூன்று ஆண்டுகளும் செய்தார். 1981 முதல் 2007 வரை ஒருவராலும் முடியவில்லை. பிறகு நடால் 2008, ஃபெடரர் 2009, மறுபடி நடால் 2010. திறமை திடீரென்று பெருகிவிடவில்லை, இரண்டு தரைகளும் நெருங்கிவிட்டன. சாம்ப்ராஸ் பாரிஸில், அதாவது பிரெஞ்சு ஓபனில், 1996 அரையிறுதியைத் தாண்டாததை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது. போர்க்கின் அந்த மூன்று ஆண்டுகளை நான் பல இரட்டை இலக்க எண்களுக்கு மேலாக வைப்பேன்.

லேவரையும் ஜோகோவிச்சையும் ஒரே கோர்ட்டில் நிறுத்தினால் யார் வெல்வார் என்ற கேள்வியால் பயன் இல்லை. லேவரின் கையில் இருந்தது சுமார் 65 சதுர அங்குல முகம் கொண்ட மர ராக்கெட். சாம்ப்ராஸுடையது 85. இன்று 95 முதல் 100. 1997இல் குயர்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு (ராக்கெட்டில் கட்டும் நரம்பு) பாரிஸில் வென்றபிறகு அது வேகமாகப் பரவியது. முழு வேகத்தில் அடித்தாலும் அந்த ஸ்ட்ரிங் தரும் கூடுதல் சுழற்சி பந்தைக் கோட்டுக்குள் இறக்கிவிடும், வலைக்கு ஓடி வருபவரின் காலடியில் விழவைக்கும். சர்வ் அடித்து வலைக்கு ஓடும் ஆட்டம் தேய்ந்ததற்குத் தரையோடு இதுவும் காரணம். ஆகவே, அதே ராக்கெட், அதே தரையில் ஆடிய தன் காலத்தவரைவிட ஒருவர் எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார் என்று மட்டுமே கேட்க முடியும்.

நேருக்கு நேர் கணக்கிலும் தரையைப் பிரிக்காமல் பேசாதீர்கள். ஃபெடரருக்கு எதிராக நடால் 24–16. களிமண்ணில் மட்டும் 14–2. மற்ற தரைகளில் ஃபெடரர் 14–10 என்று முன்னால் இருக்கிறார். களிமண்ணில் ஃபெடரர் சுமாராக ஆடியிருந்தால் நடாலைச் சந்திக்கும் முன்பே தோற்றிருப்பார், கணக்கும் அழகாக இருந்திருக்கும். இறுதி வரை வந்ததற்காக அவரைத் தண்டிக்கிறது அந்த எண். ஜோகோவிச்–ஃபெடரர் 27–23இல் கிட்டத்தட்ட ஆறு வயது இடைவெளி இருக்கிறது. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 புள்ளி, ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு, செட் சமநிலையில் நிற்கும்போது அதை முடிவு செய்யும் டைபிரேக் மூன்றையும் வென்றதால். இதை அதிர்ஷ்டம் என்று தள்ள நான் தயாரில்லை. எந்தப் புள்ளியை வெல்வது என்பதும் திறமைதான்.

1988க்குப் பின் என் பதில் ஜோகோவிச், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. நான்கு போட்டிகளிலும் குறைந்தது மூன்று பட்டங்கள், கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையிலுள்ள ஒன்பது மாஸ்டர்ஸ் போட்டிகளையும் தலா இரண்டு முறையாவது வென்றது, உலகத் தரவரிசையின் முதலிடத்தில் 428 வாரங்கள், நடாலுக்கு எதிராகவும் 31–29. 24இல் 12 பட்டங்கள் 30 வயதுக்குப் பிறகு வந்தவை.

1988க்கு முன் லேவர். அமெச்சூர், தொழில்முறை, எல்லாரும் சேர்ந்த காலம் என்று மூன்று உலகத்திலும் உச்சியில் நின்றவர் வேறு யாரும் இல்லை. இருவரில் ஒருவர் என்றால், ஒரு தனி ஆண்டுக்கு 1969 லேவர், முழு வாழ்க்கைக்கு ஜோகோவிச். மூன்றாம் இடத்துக்கு நடாலும் ஃபெடரரும் மட்டும் மோதுவதுபோலப் பேசுவதை நான் ஏற்கவில்லை. 37 வயதில் 1972 ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்று, 39 வயதில் 1974இல் விம்பிள்டன், அமெரிக்கா இரண்டிலும் இறுதிக்கு வந்த ரோஸ்வாலையும், பத்தாண்டு காலம் எவராலும் நகர்த்த முடியாத கொன்சாலஸையும் அதே மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.