என் நாமவிழாவுக்கு மாவட்டத்துக்கே லீவு

என் பெயர் சேவியர். அந்தப் பெயருக்குரிய புனித சவேரியாரின் திருநாள்தான் என் நாமவிழா. டிசம்பர் 3 வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பள்ளிக்கூடம் கிடையாது, அரசு ஆபீஸ் கிடையாது. பதிலுக்கு ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு கதை. பள்ளியில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்றால், வகுப்பில் என்னைத் தவிர இரண்டு சேவியரும் ஒரு சவேரிமுத்தும் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. பாட்டிக்குத் தான் பிறந்த தேதியே தெரியாது. ஆனால் புனிதர்களின் தேதி எல்லாம் மனப்பாடம். ஜூன் 13 அந்தோணியார், அப்பாவுக்கு. செப்டம்பர் 29 மிக்கேல் சம்மனசு (வானதூதர்), சித்தப்பாவுக்கு. டிசம்பர் 13 லூசியம்மாள், அம்மாவுக்கு. அன்றைக்குக் காலைப் பூசை, மதியம் கோழிக்கறி, சிறுபயறு பாயசம். விழாக்காரருக்குத்தான் கோழிக்கால்.

எனக்கு மட்டும் அந்தக் கோழிக்கால் கிடைத்ததில்லை. டிசம்பர் 3-ல் வீட்டில் யார் இருக்கிறார்கள்? எல்லாரும் நாகர்கோவில் கோட்டாற்றில்.

கோட்டாறு சவேரியார் திருவிழா பத்து நாள். கடைசி மூன்று நாளும் தேர். டிசம்பர் மழை பாதி நாள் விடாது. குடையும் கூட்டமுமாகத்தான் எனக்கு அந்தத் தெரு ஞாபகத்தில் இருக்கிறது. கையில் உப்பும் நல்லமிளகும் வைத்துக்கொண்டு ஆட்கள் தேருக்குக் காத்து நிற்பார்கள், இந்துக்களும்தான். தேர் நகர்ந்ததும் பின்னால் கும்பிடு நமஸ்காரம். ஈரத் தார்ச்சாலையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, இரண்டு எட்டு வைத்து மறுபடி விழுவார்கள். ஒரு தடவை எங்களுக்கு முன்னால் வேட்டியெல்லாம் சேறாக ஒருவர் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, அவருடைய செருப்பையும் கண்ணாடியையும் பிடித்தபடி, முன்னால் கிடந்த வாழைப்பழத் தோலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தார். எனக்கு அந்த அம்மாவின் பக்திதான் பெரிதாகத் தெரிந்தது.

சவேரியார் கதையைப் பாட்டி தேர் பார்த்துக்கொண்டே சொல்வாள். "சீனாவுக்குப் போவ கப்பல் வருமான்னு தீவுல காத்துக் கெடந்தே செத்துப்போனாரு மக்கா." 1552 டிசம்பர் 3. உடல் கோவாவில் இருக்கிறது. சாவதற்கு எட்டு வருஷம் முன்னால் எங்கள் கடற்கரை ஊர்களில்தான் நடந்து திரிந்தார். அத்தனையும் சொல்லி முடித்த பிறகும் "இன்னைக்கு உனக்கும் விழால்லா" என்று பாட்டிக்குத் தோன்றாது.

அம்மாவின் நாள் அப்படியில்லை. தெருவில் வேறு லூசி கிடையாது. அம்மா பிளவுஸ் தைப்பவள். லூசியம்மாளோ கண்ணுக்குப் பாதுகாவலி. அன்றைக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று ஊசியில் நூல் கோர்த்துப் பார்ப்பாள். நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோர்த்துவிட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. கோர்க்காவிட்டால் நூல் சரியில்லை.

அக்கா மகனுக்கு 2022-ல் ஞானஸ்நானம். மே 15-ல் தேவசகாயத்துக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், அப்புறம் வேறு பெயர் யோசிக்கவே இல்லை. நட்டாலத்தில் பிறந்த மனிதர். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கல்லறை இருப்பது கோட்டாறு பேராலயத்துக்குள். ஆக, என் புனிதரின் கோயிலில் அவன் புனிதர் இருக்கிறார்!

ஆனால் அவன் விழா நாளான ஜனவரி 14 என்றால் பொங்கல் நேரம். லீவுக்குக் குறைவில்லை, கவனிக்கத்தான் ஆள் இருக்காது. ஞானத்தகப்பன் நான்தான் என்பதால், அன்றைக்கு அவனுக்கென்று தனியாக ஒரு கோழி வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஒனக்கு வாங்காத கோழியா அவனுக்கு?" என்று சிரித்தாள். சாயங்காலமே கடைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.