கிரானில் ஒரு மாலை

ஸ்லோவேனியா நாட்டின் தலைநகர் லுப்லியானாவிலிருந்து பஸ்ஸில் கிரான் ஊருக்குப் போயிருந்தேன். பிரெஷெரன் தோப்பைப் பார்க்கவேண்டும் என்பது பல நாள் ஆசை. முன்பு அது ஊர் இடுகாடு. 1950களில் பூங்காவாக மாற்றினார்களாம். கவிஞர்கள் பிரெஷெரன், சீமோன் யென்கோ இருவரின் கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன.

ஆள் நடமாட்டமே இல்லை. இலை விழுகிற சத்தம்கூடக் கேட்டது. பிரெஷெரன் கல்லறையடியில் சிவப்புக் கூண்டுக்குள் ஒரு மெழுகுவர்த்தி, பாதி உருகி, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நமக்கு முன்னால் யாரோ வந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். இறந்து 170 வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட மனிதருக்கு!

கல்லில் அவருடைய வரிகளே இருக்கின்றன. உன் ஆசைகளில் ஒன்றாவது நிறைவேறியது, சொந்த மண்ணில் உடல் கிடக்கிறது என்று பொருள். நண்பன் ஸ்மோலே இறந்தபோது எழுதியது. கடைசியில் அவருக்கே பொருந்திவிட்டது. அதைப் படித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவருடைய சானெட் மாலை, அதாவது பதினான்கு வரிப் பாட்டுகளைக் கோத்த தொகுப்பு, நம் அந்தாதி மாதிரியேதான். ஒரு பாட்டின் கடைசி வரி அடுத்த பாட்டின் முதல் வரி. பதினைந்தாவது பாட்டில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அவர் காதலித்த யூலியாவின் பெயர் வரும். அவள் கிடைக்கவில்லை.

அவர் இறந்த நாளான பிப்ரவரி 8 இப்போது ஸ்லோவேனியாவில் பொது விடுமுறை. ஒரு கவிஞனுக்காக ஒரு நாடே லீவு விடுகிறது, பாருங்கள்.

அப்புறம் யென்கோ பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். 33 வயதில் போய்விட்டார். இருட்டும்வரை எழ மனசு வரவில்லை.