மந்தையை விட்டுப் பிரிந்த சொல்

'இக்ரீஜஸ்' என்ற ஆங்கிலப் பெயரடை, பிழை, அத்துமீறல், அநீதி போன்ற சொற்களுக்கு முன்னால் வந்து, நடந்த தவறு எவர் கண்ணிலும் படும் அளவுக்கு அப்பட்டமானது என்பதை உணர்த்துகிறது. சில்லறைத் தவறுகளுக்கு அது பொருந்தாது.

இதன் மூலமான 'எக்ரெகியுஸ்' என்ற லத்தீன் சொல்லில் வசையின் சாயல்கூடக் கிடையாது. 'வெளியே' என்று பொருள்படும் 'எக்ஸ்' என்ற முன்னொட்டும் 'மந்தை' என்று பொருள்படும் 'கிரெக்ஸ்' என்ற பெயர்ச்சொல்லும் சேர்ந்து உருவான அச்சொல், மந்தையிலிருந்து தனித்துத் தெரிவதைக் குறித்து, அவ்வழியே சிறந்தது, மேன்மையானது என்ற பொருளைப் பெற்றது. ரோமப் பேரரசில் குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த உயர் அதிகாரிகளுக்கு 'விர் எக்ரெகியுஸ்' என்பது முறையான பட்டமாகவே இருந்தது. கூடுகையைக் குறிக்கும் காங்கிரிகேஷன், பிரித்து வைப்பதைக் குறிக்கும் செக்ரிகேஷன் ஆகிய சொற்களுக்குள்ளும் இதே மந்தைதான் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இது புகழ்ச்சிச் சொல்லாகவும் வழங்கியது. ஆனால் அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இகழ்ச்சிப் பொருளும் ஏறிவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாடகத்தில், தன் மனைவியைக் கொல்லச் செய்துவிட்டதாக நம்பிக் கதறும் பாஸ்துமஸ், தன்னைக் கொலைகாரன் என்று நிந்திக்கும்போது இந்த அடைமொழியைத்தான் சேர்த்துக்கொள்கிறான்.

நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தமிழில் அடைந்த இழிபொருட்பேறு நமக்குப் பழக்கமானதே. ஆங்கிலச் சொல்லின் சரிவுக்குக் காரணம், பாராட்டுவதுபோல் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மந்தைக்கு வெளியே நிற்கும் ஆடு, சிறந்தது என்று தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம், வழிதவறியதாகவும் இருக்கலாம். வேர்ச்சொல் இரண்டில் எதையும் அறுதியிடவில்லை. ரோமர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர்கள் இரண்டாவதில் நிலைத்தார்கள்.

இத்தாலிய மொழியில் 'எக்ரெஜோ' இன்றும் முறையான கடிதங்களில் மதிப்புக்குரிய விளியாக வருகிறது. கணிதத்திலும் பழைய பொருள் நிலைத்திருக்கிறது. ஒரு வளைபரப்பின் வளைவை, அந்தப் பரப்பை விட்டு வெளியேறாமல் அதன் மேலேயே அளந்து கணக்கிடலாம் என்று 1827இல் நிறுவிய ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், தம் முடிவை லத்தீனில் 'தியோரெமா எக்ரெகியும்', அதாவது தலைசிறந்த தேற்றம், என்று குறிப்பிட்டார். ஆங்கிலப் பொருளை மட்டும் அறிந்த மாணவர் அதைப் படுமோசமான தேற்றம் என்று புரிந்துகொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.